எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டு அனலைசர் (ரத்த டெஸ்ட் மெஷின்) கம்பெனிக்கு வந்த கதை

நான் 2019-21 பேட்ச். அப்படின்னாலே பாதி பேருக்கு புரிஞ்சிருக்கும், ரெண்டாவது வருஷ ப்ராக்டிக்கல் பூரா செல்போன்லதான் நடந்துச்சு. மேடம் எலக்ட்ரோபோரெசிஸ் வீடியோ போடுவாங்க, நாங்க ரெக்கார்டுல படம் வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்புவோம். 82 பர்சென்ட் வாங்கிட்டு வெளிய வந்தப்ப நானா பைபெட் புடிச்சு செஞ்ச எக்ஸ்பெரிமெண்ட் எத்தனைன்னு எண்ணுனா ஒரு கை விரலே மிச்சம்.

ஊரு திண்டுக்கல் பக்கம். பயோகெமிஸ்ட்ரின்னா ஒன்னு பிஎச்டி, இல்ல காலேஜ் வாத்தியார் வேலை, இதத்தாண்டி எங்க டிபார்ட்மெண்ட்ல யாரும் எதுவும் சொன்னதில்ல. அதனால நேரா சிஎஸ்ஐஆர் நெட்டுக்கு (பிஎச்டி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் தகுதிக்கும் எழுதற பரீட்சை) உக்காந்தேன். லைஃப் சயின்ஸ் பேப்பர் தெரியாதவங்களுக்கு: மூணு மணி நேரம், 200 மார்க், அதுல பார்ட் சி மட்டும் 100. 75 கேள்வி இருக்கும், 25 எழுதுனா போதும், ஒன்னுக்கு 4 மார்க், தப்பா போட்டா 1 போயிரும். கேக்க சுகமா இருக்குல்ல, 75ல 25தானேன்னு? ஆனா இக்காலஜி, எவல்யூஷன், டெவலப்மெண்டல் பயாலஜின்னு நாம தொட்டே பாக்காததெல்லாம் கலந்து வரும், நமக்கு தெரிஞ்ச பயோகெமிஸ்ட்ரிய தேடி எடுக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிரும். ரெண்டு தடவ எழுதுனேன், ரெண்டு தடவையும் போச்சு. ரெண்டாவது தடவ நல்லா தெரிஞ்ச 16 கேள்வியோட நிறுத்தியிருந்தா கூட தேறியிருக்கும்னு ஆன்சர் கீ வந்தப்ப தெரிஞ்சது, 25 நெரப்பணும்னு குருட்டாம்போக்குல போட்டதுல மார்க்க நானே கொட்டி கவுத்துட்டேன். (ஜேஆர்எஃப், அதான் பிஎச்டி பண்றவங்களுக்கு குடுக்கற மாச உதவித்தொகை, அப்ப 31,000, 2023 ஜனவரிலேர்ந்து 37,000 ஆக்கிட்டாங்க. அதப் படிச்ச அன்னிக்கு சோறு எறங்கல.)

அப்புறம் எல்லாரும் போற மாதிரி மெடிக்கல் கோடிங், அதாவது பேஷண்ட் சார்ட்ட படிச்சு நோய்க்கெல்லாம் கோடு போடற வேலை. ஒரு இன்ஸ்டிட்யூட்ல 22,000 கட்டி மூணு மாசம் படிச்சேன், பிளேஸ்மெண்ட் கேரண்டின்னு சொன்னாங்க, கடைசில எந்த கம்பெனில வாக்-இன் இருக்குன்னு வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்புனதுதான் அந்த கேரண்டி. கோடிங் வேலைய மட்டமா சொல்லல. டைப் 2 சுகரோட கிட்னி பிரச்சனை இருந்தா இ11.22, கூடவே ஸ்டேஜுக்கு என்18ல ஒரு கோடு, இப்படி போகும், அனாடமி மெடிக்கல் டெர்ம் கொஞ்சம் வந்தா நம்ம ஆளுங்களுக்கு கஷ்டமே இல்ல. என் கூட படிச்சவ சிபிசின்னு கோடிங் சர்டிஃபிகேட்டும் வாங்கி சென்னைல இப்ப என்னை விட ஜாஸ்தி சம்பளம் வாங்குறா. எனக்குத்தான் நாள் பூரா ஸ்க்ரீன பாத்து சார்ட் படிக்க பொறுமை இல்ல.

சும்மா வீட்ல இருக்கறதுக்கு பதிலா மதுரைல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல சேந்தேன். மாசம் 11,000, வாரத்துக்கு ரெண்டு நைட். அதுவும் லேசா கெடைக்கல, ஏன்னா லேப்காரங்க டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சவங்களத்தான் முதல்ல எடுப்பாங்க, அவங்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க தெரியும், நமக்கு கிரெப்ஸ் சைக்கிள் தெரியும். ரிப்போர்ட்ல கையெழுத்து போடறதும் நம்ம கைல கெடையாது. 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பேத்தாலஜில பிஜி முடிச்ச டாக்டர்தான் லேப் ரிப்போர்ட்ல கையெழுத்து போடணும்னு சொல்லிருச்சு. எம்எஸ்சி படிச்சிட்டு 11,000 ரூவாய்க்கு ட்யூப் அடுக்கறேன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லவே கூசுச்சு, கேட்டவங்ககிட்டல்லாம் "படிச்சிட்டு இருக்கேன்"னு சமாளிச்சேன்.

ஒரு நைட்டு, மணி ரெண்டு இருக்கும், வார்டுலேர்ந்து வந்த சாம்பிள்ல பொட்டாசியம் 8.9. நார்மல் அஞ்சுக்குள்ள இருக்கணும், இவ்ளோ இருந்தா ஹார்ட் நின்னுரும். கை நடுங்கிருச்சு. டாக்டருக்கு போன் போட போனேன், சீனியர் அண்ணன், 18 வருஷமா லேப்ல இருக்கறவரு, சேர்ல படுத்த வாக்குலயே கேட்டாரு.

"ஏம்மா, சீரம் என்ன கலர்ல இருக்கு? செவந்திருக்கா?"

"இல்லண்ணே, தெளிவாத்தான் இருக்கு."

"கால்சியம், ஏஎல்பி போட்டு பாரு."

கால்சியம் 4.2, ஏஎல்பி (ரத்தத்துல இருக்கற ஒரு என்சைம்) 14, ரெண்டுமே ரொம்ப கம்மி. "ஊதா மூடி ரத்தத்த செவப்பு மூடில ஊத்திருக்காங்க. வார்டுக்கு போன போட்டு புதுசா எடுத்து அனுப்ப சொல்லு"ன்னுட்டு திரும்பி படுத்துட்டாரு. கேட்டா சிஸ்டர் அதேதான் சொல்றாங்க, ரத்த அணு எண்ணற டெஸ்ட்டுக்கான ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் ஜாஸ்தியா வந்துச்சு, மிச்சத்த இதுல விட்டேன்னு. திரும்ப எடுத்தா பொட்டாசியம் 4.3.

ஊதா மூடில இருக்கறது பொட்டாசியம் இடிடிஏ. அந்த பொட்டாசியம் ரிசல்ட்ட ஏத்திருது, இடிடிஏ கால்சியத்த புடிச்சு வச்சுக்குது, ஏஎல்பி என்சைமுக்கு ஜிங்க்கும் மெக்னீசியமும் வேணும், அதையும் புடுங்கிருது. ஏஎல்பி ஒரு மெட்டலோ என்சைம்னு ரெண்டு மார்க்குக்கு எத்தன தடவ எழுதிருப்பேன்! விடிய விடிய அதையே யோசிச்சிட்டு இருந்தேன். அதுலேர்ந்து அந்த அண்ணன் பின்னாடியே சுத்தி, கன்ட்ரோல் (மெஷின் சரியா இருக்கான்னு பாக்க ஓட்டற, அளவு தெரிஞ்ச சாம்பிள்) போடறது, எல்ஜே சார்ட் (கன்ட்ரோல் ரிசல்ட்ட நாள்வாரியா குறிக்கற படம்) பாக்கறதுன்னு எல்லாத்தையும் கேட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சேன்.

எங்க அனலைசர் கம்பெனிலேர்ந்து ரீஏஜெண்ட் (டெஸ்ட்டுக்கு ஊத்தற கெமிக்கல்) லாட் மாறும்போது ஒருத்தர் வருவாரு, மெஷின் அளவ சரி பண்ற கேலிபரேஷன் பண்ணுவாரு, எங்களுக்கு சொல்லிக் குடுப்பாரு. சர்வீஸ் இன்ஜினியர்னு நெனச்சேன். அப்படி இல்ல, அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், அவரும் எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரிதான்! இப்படி ஒரு வேலை இருக்கறதே அன்னிக்குத்தான் தெரியும். மெஷின ரிப்பேர் பண்றது இன்ஜினியர், ரிசல்ட் ஏன் தப்பா வருதுன்னு கண்டுபிடிக்கறது இவங்க. ரெண்டாவது தடவ வந்தப்ப ரெஸ்யூம் குடுத்துட்டேன். அவரு கம்பெனில எடம் இல்ல, வேற ஒரு கம்பெனிக்கு அனுப்பி விட்டாரு.

போன்ல ஒரு ரவுண்டு, அப்புறம் கோயம்புத்தூர்ல நேர்ல. மார்க் சீட்ட மேனேஜர் திருப்பி கூட பாக்கல. 340 நானோமீட்டர்ல என்ன அளக்கறோம்னு கேட்டாரு (என்ஏடிஎச்ங்கற கெமிக்கல், ஏஎல்டி ஏஎஸ்டின்னு லிவர் டெஸ்ட் போடும்போது அது கொறையறத வச்சுத்தான் கணக்கு). எல்ஜே சார்ட் ஒன்ன நீட்டி, பத்து நாளா கன்ட்ரோல் சராசரிக்கு மேலயே இருக்கு, என்ன பண்ணுவன்னாரு. லாட் மாத்துன தேதி பாப்பேன், கேலிபரேஷன் எப்ப பண்ணாங்கன்னு பாப்பேன்னு சொன்னேன். அடுத்து, "பொட்டாசியம் 9, கால்சியம் 4, பேஷண்ட் பெட்ல உக்காந்து போன் பேசிட்டு இருக்காரு. டாக்டர் மெஷின் சரியில்லன்னு கத்துறாரு. என்ன சொல்லுவ?"

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. ஏம்மா சிரிக்கறன்னாரு, அந்த நைட்டு கதைய அப்படியே சொன்னேன். கடைசியா வண்டி ஓட்ட தெரியுமா, மாசத்துல 15 நாள் வெளிய சுத்தணும், வீட்ல விடுவாங்களான்னு கேட்டாரு. அதுக்குத்தான் பதில் கஷ்டமா இருந்துச்சு. அம்மா ஒரு வாரம் பேசல, அப்பாதான் "போய்ட்டு வரட்டும் விடு"ன்னாரு.

ஆரம்பத்துல 26,000, பயணப்படி தனி. சுகமான வேலைன்னு சொல்ல மாட்டேன். ரீஏஜெண்ட் விக்கலன்னா சேல்ஸ்காரங்க நம்மளத்தான் பாப்பாங்க, ஞாயித்துக்கிழமை காலைல கன்ட்ரோல் அவுட்னு போன் வரும், பாதி நாள் மதியச் சோறு பஸ் ஸ்டாண்டுலதான்.

இப்ப படிச்சிட்டு இருக்கறவங்க கேட்டா ஒன்னு சொல்லுவேன், ஏழு நாள் பிசிஆர் ட்ரெய்னிங்னு ஆயிரக்கணக்குல கட்டி ட்யூப தொட்டு பாத்துட்டு சர்டிஃபிகேட்டோட வர்றதுக்கு, பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல லீவுல ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம நின்னாலும் தேவல. பிஎச்டிதான்னு உறுதியா இருந்தா நெட்ட விட்றாதீங்க, 2024 ஜூன்லேர்ந்து ஜேஆர்எஃப், அசிஸ்டண்ட் ப்ரொஃபசர் ரெண்டும் கெடைக்கலன்னாலும் பிஎச்டி சேர மட்டும் தகுதின்னு மூணாவது லிஸ்ட் ஒன்னு விடறாங்க.

இத மானாமதுரைல ஒரு சின்ன லேப்ல உக்காந்து டைப் பண்றேன், கேலிபரேஷன் முடிய இன்னும் 20 நிமிஷம் ஆகும். அடுத்த நெட்டுக்கு ஃபீஸ் கட்டிட்டேன், வீட்ல இன்னும் சொல்லல.