கிரஸ்ட் வேறு, க்ரூத் வேறு

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அக்கா பொண்ணுக்கு இன்னும் ஒரு வாரத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. பி.இ. கடைசி வருஷம். "ஆறு வருஷமா ஃபாரின்ல கீற, கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசிப் பழக்கி வுடுடா" என்று அக்கா அவளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு வடை தட்டப் போய்விட்டாள். வேலூர் கொசப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் நான் சொல்லிக் காட்டுகிறேன் என்றேன். வாயைத் திறந்தேன்.

"ஐ ஹேவ் தர்ட்டி ஃபோர் இயர்ஸ். ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "மாமா, இது இன்னா இங்கிலீஷு?" என்றாள்.

இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு. வார்த்தைகள் மட்டும்தான் இங்கிலீஷ். பிரெஞ்சில் எனக்கு இத்தனை வயது என்பதை, இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அந்த சின்ஸ் தப்பு நம்மூரில் நிறைய பேர் செய்வதுதான், ஆனால் நான் செய்ததில்லை. ராணிப்பேட்டை டேனரியில் இருந்த நாளில் இத்தாலிக்காரனுக்கு மெயில் போட வேண்டும் என்றால் மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். அந்த ஆள் எங்கே போனான் என்று மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்கே தெரியவில்லை. கீழே இறங்கியதும் அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "வெளிநாட்டுல இருந்துகினு இங்கிலீஷ் வரலன்னா அங்க இன்னாதான் பண்ற?" என்று அம்மா கேட்டாள். நம்மூரில் வெளிநாடு என்றாலே இங்கிலீஷ்தான், அது எந்த நாடாக இருந்தாலும் சரி.

நான் இருப்பது பிரான்சில் கிரோயே. எழுதியதைப் பார்த்தால் கிராவுல்ஹெட் மாதிரி இருக்கும், ஏமாறக் கூடாது. துலூஸிலிருந்து ஒரு மணி நேரம், தாது என்று ஒரு ஆறு, அதன் கரையில் தோல் பதனிடும் ஊர். பெரும்பாலும் ஆட்டுத்தோல். முன்பு ஊரே தோல்தான், இப்போது சில டேனரிகள்தான் மிச்சம். ராணிப்பேட்டையிலிருந்து ஆள் எடுத்தபோது முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியும், பிரச்சினை இல்லை என்றார்கள். முதலாளிக்குத் தெரியும், உண்மைதான். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பேக்கரிக்காரம்மாவுக்குத் தெரியாது, வீட்டு ஓனருக்கும் தெரியாது. குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளியையா கூப்பிட முடியும்?

கற்றுக்கொள்வது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது பேரணாம்பட்டு பாய்க்கு. ராணிப்பேட்டையில் எனக்கு சூப்பர்வைசர். நாங்கள் கஜல் என்று சொன்னால், "கஜல் இல்லடா, தொண்டையில இருந்து வரணும்" என்று உருது 'க'வைக் கொப்பளித்துக் காட்டுவார். விளையாட்டுக்கு நானும் கொப்பளிப்பேன். பிரெஞ்சுக்காரன் 'ர' சொல்வது கிட்டத்தட்ட அதே ஒலி. பிரெஞ்சு வகுப்பில் போர்ச்சுகல்காரர்களும் மொராக்கோக்காரர்களும் இருந்தார்கள். மொராக்கோக்காரர்களுக்கும் எனக்கும்தான் முதல் நாளே அது வந்தது. அப்புறம் 'த'. நாம் இங்கிலீஷ் பேசும்போது டேபிள், டிக்கெட், டாக்டர் என்று எல்லாவற்றையும் நாக்கை மடக்கி 'ட' போட்டுத்தான் பேசுவோம். பிரெஞ்சில் அது சுத்தமான பல்லில் படுகிற 'த', நம்ம தயிரில் வருகிறதே அதே 'த'. தாபிள், திக்கே, தொக்தர். நமக்கென்றே செய்து வைத்த மாதிரி. வினை அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு வருஷத்தில் என் இங்கிலீஷிலும் 'த' ஏறிவிட்டது. ஏர்போர்ட்டில் "ஐ தோன்த் நோ" என்று சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

எண்கள்தான் கொஞ்சம் அழவைத்தன. 97 என்பதற்கு நாலு இருபது பத்து ஏழு என்று சொல்ல வேண்டும். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், நாலு இருபது என்று காதில் விழுந்ததும் 80 என்று எழுதிவிடுவேன், அடுத்த நொடி பத்து ஏழு வந்து நிற்கும், அடி, திரும்ப எழுது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு நொனான்த் என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள், இவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சரி, ஒன்பதுக்கும் தொண்ணூறுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்.

தொழில் வார்த்தைகள் மட்டும் கேட்கும்போதே மனதில் ஒட்டின. ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, முடி எடுப்பது, சதை சீவுவது எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் ஆற்று வேலை என்கிறார்கள். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் செய்ததால் வந்த பெயர், இன்றைக்கு ஷெட்டுக்குள் செய்தாலும் ஆற்று வேலைதான். பாலாற்றங்கரையில் பிறந்துவிட்டு அந்த வார்த்தையைக் கேட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆற்றில் இறங்கி வேலை செய்கிற மாதிரியா நாம் அதை வைத்திருக்கிறோம். தோலின் முடிப்பக்கத்தை நாம் கிரெயின் என்போம், அவர்கள் பூ என்கிறார்கள். அப்புறம் க்ரூத். இந்த க்ரூத்தான் என் மானத்தை வாங்கியது.

நம் டேனரியில் கிரஸ்ட் என்றால் பதனிட்டு, காயவைத்து, ஃபினிஷிங் போடாமல் வைத்திருக்கும் தோல். தோலைக் குறுக்கே இரண்டாகப் பிளந்தால் மேல்பாதி கிரெயின், அடிப்பாதி ஸ்பிளிட். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அந்த அடிப்பாதிக்குத்தான் பிரெஞ்சில் க்ரூத் என்று பெயர். ரெண்டு வார்த்தைக்கும் வேர் ஒன்றுதான் போல, ரொட்டியின் மேல் தோல் இரண்டு மொழியிலும் இதே வார்த்தைதான். முதலாளி ஒரு நாள் வேலைக்கான கையுறைக்கு மாட்டுத்தோல் க்ரூத் வேண்டும், உன் ஊரில் விலை கேள் என்றார். நான் ராணிப்பேட்டைக்குப் போன் போட்டு அட்சர சுத்தமாக கிரஸ்ட் என்று கேட்டேன். வந்த விலையைப் பார்த்து முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று மெயில் போய்வந்தது. மறுபடி போன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, ஸார், கிரஸ்ட்டா ஸ்பிளிட்டா என்று இங்கிலீஷில் கேட்கிறார். எனக்கு ஸ்பிளிட் என்ற வார்த்தையே வரவில்லை. அடிப்பாதி, கீழே இருப்பது, பூ இல்லாதது என்று என்னென்னவோ உளறிவிட்டு, "அய்யோ, இன்னாடா இது" என்று வாய்க்குள் முனகினேன்.

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "ஸார், நீங்க தமிழா?"

என் பெயரைப் பார்த்துப் பாண்டிச்சேரி வழியில் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் வராது என்று நினைத்தாராம். அவர் ராணிப்பேட்டைக்குப் பக்கத்து மேல்விஷாரம். நானாவது ராணிப்பேட்டைக்குத்தான் பேசுகிறேன் என்று தெரிந்தே இங்கிலீஷில் ஆரம்பித்தவன், எனக்கு என்ன சாக்கு? ஆபீஸ் போன் என்றால் இங்கிலீஷ், அது நமக்கு ஊறிப்போன வியாதி. தமிழில் ரெண்டு நிமிஷத்தில் முடிந்தது.

என் தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரெஞ்சு மெல்ல ஏறுகிறது, நடுவில் இருந்த இங்கிலீஷ்தான் சரிகிறது. இது எனக்கு மட்டும் வந்த நோயா என்று தேடிப் படித்தேன். சாரா வில்லியம்ஸ் என்ற இங்கிலீஷ்காரப் பெண் ஸ்வீடிஷ் கற்றபோது தன் பேச்சையே பதிவு செய்து, பியோர்ன் ஹாமர்பெரி என்பவரோடு சேர்ந்து 1998-ல் ஒரு ஆய்வாக எழுதியிருக்கிறார். ஸ்வீடிஷ் பேசும்போது அவரை அறியாமல் நடுவில் வந்து விழுந்தது பெரும்பாலும் தாய்மொழி இல்லை, அதற்கு முன் கற்றிருந்த ஜெர்மன். அம்மா மொழிக்கு ஒரு அறை, வெளியில் கற்றதெல்லாம் ஒரே பரணில் என்கிற மாதிரி. எனக்கு அது தலைகீழாக, புதிது பழையதை மிதிக்கிறது.

ஆய்வு கூட வேண்டாம். வேலூர் காந்தி ரோட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ்களில் வேலை பார்க்கிற பையன்களைப் பாருங்கள். போர்டெல்லாம் வங்காள எழுத்து, கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு சரளமாகப் பெங்காலி பேசுகிறார்கள், யாரும் வகுப்புக்குப் போனதில்லை. ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். "எவனாவது இங்கிலீஷ்ல கேட்டா மொதல்ல பெங்காலிதாண்ணா வாய்ல வருது, அப்பாலதான் இங்கிலீஷ தேடணும்" என்றான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் வந்தவாசிதான் என்று வீட்டில் ஒரு சமாளிப்பு சமாளித்தேன். 1760 ஜனவரியில் பழைய வடஆற்காட்டு வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை ஐர் கூட் என்ற இங்கிலீஷ் தளபதியிடம் தோற்காமல் இருந்திருந்தால் நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பிரெஞ்சு படித்திருப்போம், நானும் 34 வயதில் பரீட்சை எழுத வேண்டியிருக்காது. யாரும் ஏற்கவில்லை. பரீட்சை நிஜம். பிரான்சில் தங்குவதற்கான பத்து வருஷ கார்டு வாங்க 2026 ஜனவரியிலிருந்து பிரெஞ்சில் பி1 நிலை கேட்கிறார்கள், முன்பு அதற்கு ஒரு படி கீழே ஏ2 போதும். அதனால் இங்கிலீஷைக் காப்பாற்ற இப்போதைக்கு எனக்கு நேரமும் இல்லை, உண்மையைச் சொன்னால் அவ்வளவு ஆசையும் இல்லை. சம்பளச் சீட்டு, சண்டை, சிரிப்பு எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்கிறது.

அக்கா பொண்ணு மட்டும் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நான் பேசி முடித்ததும் போனைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசவைக்கிறாள், சின்ஸ் வந்தால் அபராதம். பதிலுக்கு அவளுக்கு நான் பிரெஞ்சு. போன வாரம் 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். என் அப்பாவைவிட மூத்த ஃபோர்மேன் தன்னைத் 'து' போட்டுக் கூப்பிடச் சொல்லி என்னிடம் மல்லுக்கு நிற்பதையும், ஆறு வருஷமாகியும் எனக்கு நாக்கு எழாததையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப உன்ன நான் வூன்னு கூப்பிடணுமா மாமா?"

"நீ எந்தக் காலத்துல என்ன நீங்கன்னு கூப்பிட்ட? து-ன்னே கூப்பிடு."