கச்சான் சரையோட அம்மம்மா

போன கிழமை கரண்ட் போகேக்க ஹார்ட் டிஸ்க் கொம்பியூட்டரில கொழுவினபடி கிடந்தது. திரும்பப் போட்டா, "ஃபோர்மட் பண்ணவோ?" எண்டு கேக்குது. 1 டிபி. அம்மம்மான்ர கடைசி நல்லூர்த் தேர்ப் படங்கள் முழுக்க அதுக்குள்ளதான். வேற எங்கயும் கொப்பி இல்லை (ஒருத்தரும் பேசாதேங்கோ, வீட்டில போதுமான அளவு வாங்கிட்டன்).

நல்ல காலம், 'ஓம்' அமத்தேல்லை. டவுன் கடையில ஒண்டும் செய்யேலாது எண்டு திருப்பித் தந்திட்டினம்.

பிறகு தம்பிதான் ஃபோட்டோரெக் போட்டுத் தந்தவன். காசில்லாத சொஃப்ட்வெயர். ஃபோல்டர் பட்டியல் பழுதாப்போனாலும் அதுக்குக் கவலையில்லை. ஒவ்வொரு ஜேபெக் படத்துக்கும் தொடக்கத்தில ஒரு அடையாளம் இருக்கு, அதைத் தேடி டிஸ்க் முழுக்கக் கிண்டும். எடுக்கிற படங்களை வேற டிஸ்க்கிலதான் சேமிக்கோணும். அதிலயே எழுதினா மிச்சமும் அழிஞ்சுபோம். இரவிரவா ஓடிச்சுது.

பழைய பேர் ஒண்டும் இல்லை, எல்லாம் வெறும் நம்பர். சிலது பாதி வெறும் சாம்பல் நிறம். ஆயிரக்கணக்கில தட்டித் தட்டிப் பாக்க, விடியப்புறம் திடீரெண்டு கச்சான் சரையைக் கையில வைச்சுக்கொண்டு அம்மம்மா சிரிக்கிறா.

படத்தை ஃபோனில ஏத்தி அம்மாவை எழுப்பிக் காட்டினன். இன்னும் ஃபோனைத் திருப்பித் தரேல்லை.