பாசிமணி வைத்து ஒரு சப்ரஷன் விதி

இரண்டாம் உலகப்போரின் 1944 நார்மண்டிச் சண்டையை வைத்து நான் எழுதிவரும் மினியேச்சர் (மேஜையில் குட்டிப் பொம்மை வீரர்களை வைத்து ஆடும்) போர் விளையாட்டில் சப்ரஷன் விதி, அதாவது சுட்டே எதிரியை அடக்கி வைக்கும் விதி, ஒருவழியாகப் பிடிபட்டிருக்கிறது. இயந்திரத் துப்பாக்கியின் முக்கிய வேலை எதிரியைத் தலை தூக்க விடாமல் வைத்திருப்பது. அந்த இடைவெளியில் நம் ஆட்கள் பக்கவாட்டில் போய்விட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மேஜையில் இது நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில், இதே போரை வைத்த இன்னொரு மேஜை விளையாட்டான போல்ட் ஆக்‌ஷன் பாணியில் பின் மார்க்கர் (சூடு பட்டுத் தடுமாறும் பிரிவின் மேல் வைக்கும் அடையாள வில்லை, சுருக்கமாகப் பின்) வைத்து ஆடிப் பார்த்தோம். அதில் சாதாரணப் பிரிவின் மனவுறுதி 9. ஒரு பின் ஏறினால், கட்டளைக்குக் கீழ்ப்படிய இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். வாய்ப்பு 72 சதவீதம். மூன்று பின் என்றால் 6க்குள், அதாவது 42. வேகமான, நல்ல விதி. ஆனால் சுட்டவன் வேறு பக்கம் திரும்பிவிட்டாலும் பின் மட்டும் அப்படியே நிற்கிறது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சூடு நின்றால் எதிரி எட்டிப் பார்க்கத்தானே செய்வான்?

அதனால் அடக்குபவனையும் அடங்குபவனையும் ஒன்றாகக் கட்டிப்போட்டேன். ஒரே நிறத்தில் இரண்டு பாசிமணி: ஒன்று துப்பாக்கியின் அடித்தட்டில், இன்னொன்று இலக்கின் மேல். துப்பாக்கி நகர்ந்தாலோ வேறு இலக்கைச் சுட்டாலோ அந்தச் சுற்றின் முடிவில் இரண்டு மணியையும் எடுத்துவிட வேண்டும்.

கணக்கு இப்படி. ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கியான எம்ஜி 42க்கு 6 பகடை, பிரிட்டிஷ் இலகு இயந்திரத் துப்பாக்கியான பிரெனுக்கு 4, ரைபிள்காரர் இருவருக்கு ஒன்று. ஒரு பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி வந்தால் மணி விழும்: இலக்கு பதுங்கும், முன்னேற முடியாது. ஐந்து வந்தால் சுடவும் முடியாது. ஏற்கனவே மணி இருந்தால் அதுவே ஒரு புள்ளி.

இந்தக் கடைசி வரிதான் ஆட்டத்தை மாற்றியது. பிரிட்டிஷ் காலாட்படையின் சிறு பிரிவான செக்‌ஷனில் 10 பேர்: ரைபிள் குழு 7, பிரென் குழு 3. பிரென் மட்டும் சுட்டால் இலக்கைப் பதுங்க வைக்க 31 சதவீதம்தான். செக்‌ஷனே சேர்ந்து சுட்டால் 7 பகடை, 77 சதவீதம். மணி விழுந்த பிறகோ பிரென் ஒன்றே போதும், தக்கவைக்க 69. ஆக, எல்லாரும் சேர்ந்து சுடு, மணி விழுந்ததும் ரைபிள் குழுவை வேலியோரப் பள்ளத்தில் இறக்கு என்று பகடையே சொல்கிறது. அந்தக் கால செக்‌ஷன்களின் பயிற்சியும் கிட்டத்தட்ட அதுவே. கணக்கு அங்கே போய் முட்டியபோது அவ்வளவு சந்தோஷம்.

எம்ஜி 42 வேறு ரகம். நிமிடத்துக்கு சுமார் 1200 தோட்டா கக்கும், குழாய் சீக்கிரம் சூடேறும். 6 பகடையில் இரண்டு 1 விழுந்தால் குழாய் மாற்றியாக வேண்டும், மணி போய்விடும். ஏறக்குறைய நாலில் ஒரு தடவை இது நடக்கும். எதிரே இருப்பவர் அந்த 1களுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பாய்ச்சல். நம் ஆட்கள் இலக்குக்கு 6 அங்குலத்துக்குள் வந்துவிட்டால் பிரென் சுடக்கூடாது, நம்மவர் மேலேயே படும். மணி அந்தச் சுற்றின் முடிவு வரைதான் இருக்கும். அதற்குள் வேலியைத் தாண்டிப் பாய்ந்துவிட வேண்டும். போன ஆட்டத்தில் ரைபிள் குழு வேலி மூலையில் 7 அங்குலத்தில் நின்றது. இன்னும் ஒரு சுற்று பொறுப்பதா, இப்போதே ஓடுவதா? நண்பர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். ஓடினார், பிடித்தார்.

அடுத்து 2 அங்குல மோர்ட்டாரின் (குண்டுகளை மேல்நோக்கி எறியும் சிறு குழாய்) புகை. புகை பார்வையை மறைத்தால் மணி உடனே போய்விடுமா, குருட்டாம்போக்கில் சுட்டுத் தக்கவைக்கலாமா என்று ஆடிப் பார்க்க வேண்டும். இப்போதைக்குப் பகடையைப் பாதியாக்கி எழுதி வைத்திருக்கிறேன்.