தென்னந்தோப்பிலிருந்து காபித் தோட்டத்துக்கு: எங்கள் ஒய்பி இன்ஜின் இடம் மாறியது

நாங்கள் பொழுதுபோக்காக ஓட்டும் சின்ன மாதிரி நீராவி இன்ஜின் ஏற்காடு போய்ச் சேர்ந்துவிட்டது. புதுத் தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டையும் ஏறிவிட்டது. வண்டியில் ஏற்றி இறக்கியது இதில் சின்னப் பங்குதான். சமதளத்தில் ஓடிப் பழகிய இன்ஜினை மலைப்பாதைக்குத் தயார் செய்ததுதான் பெரிய வேலை. அதனால் இந்தத் தடவை பயணத்தைவிடப் பட்டறை வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் இன்ஜினைப் பற்றி. மீட்டர்கேஜ் பாதைகளில் பயணிகள் ரயிலை இழுத்த ஒய்பி வகையை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டியது இது. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், கேபினுக்கு அடியில் இரண்டு. நிஜ ஒய்பி 1949-இல் வரத் தொடங்கியது. அமெரிக்காவின் பால்ட்வின், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ்-மாஃபை, அப்புறம் நம் ஜாம்ஷெட்பூர் டெல்கோ எல்லாம் சேர்ந்து மொத்தம் 871 இன்ஜின்கள் கட்டின. மீட்டர்கேஜ் என்றால் 1000 மி.மீ.; அதில் எட்டில் ஒன்று 125. இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுக்கப் புழங்கும் ஐந்து அங்குலப் பாதை 127 மி.மீ. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நம் ஊர் மீட்டர்கேஜ் இன்ஜினைச் சிறிதாகக் கட்ட இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. நிஜ ஒய்பியின் பெரிய சக்கரம் 1372 மி.மீ. விட்டம், எங்களுடையது 171. பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரோடு சேர்த்தால் நீளம் 2.4 மீட்டர், எடை 200 கிலோவுக்குப் பக்கம்.

இதைக் கட்டியவர் மீட்டர்கேஜ் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் காலமான பிறகு வருஷக்கணக்காகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "கண்ணாடிப் பெட்டியில வைக்கறதுன்னா தரமாட்டேனுங்க. ஓட்டுறதுன்னா எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று சொல்லித்தான் அவர் வீட்டம்மா கொடுத்தார். துரு நீக்கி, பிஸ்டன் பேக்கிங் மாற்றி, வால்வு நேரத்தைச் சரிசெய்து, ஓமலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சமதளப் பாதை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். தோப்பு பிளாட் போட விற்பனையாகிவிட்டது. அப்போது இடம் கொடுத்தவர் என் நண்பனின் தாய்மாமா. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். எங்கள் எல்லோருக்குமே அவர் மாமாதான். ஏற்காட்டுக்கு நிஜ ரயில் பாதை இல்லை. "பெருசுதான் வரல, சிறுசாவது வரட்டும்டா" என்றார்.

இடம் மாற்றுவதற்கு முன்னால் பாய்லரைத் தண்ணீர் டெஸ்ட் வைத்தோம். இந்த இன்ஜின் வேலை செய்யும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு. புதுப் பாய்லர் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு, ஏற்கெனவே ஓடிய பாய்லர் என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 120 பவுண்டு வரை தண்ணீரை அடைத்துப் பார்க்க வேண்டும். நீராவியால் சோதிக்கவே கூடாது. தண்ணீர் அழுந்திச் சுருங்காது. பாய்லர் விட்டுப்போனாலும் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி அதோடு முடிந்துவிடும். நீராவியோ மொத்தமாக விரிந்து வெடிக்கும். கைப்பம்பை அடிக்க அடிக்க முள் 90-ஐத் தாண்டியது. நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் அடி வளையத்தில், வலது மூலையில், ஒரு சொட்டு முத்துப்போல் நின்றது. துடைத்தால் மறுபடி வந்தது.

இதை மூடாமல் மலைக்குக் கொண்டுபோக முடியாது. இது செம்புப் பாய்லர். சாதாரண வெல்டிங் வேலைக்காகாது, வெள்ளிப் பற்றுதான் வைக்க வேண்டும். 55 சதவீதம் வெள்ளி கலந்த பற்றுக் கம்பி சுமார் 650 டிகிரியில் உருகி ஓடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிடலாம். சேலத்தில் வெள்ளிப் பற்றுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். பாய்லரைத் தட்டிப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "சூடு பத்தாதுங்க தம்பி."

கொலுசுக்கு ஊதும் சுடர் இங்கே ஒன்றும் செய்யாது. ஒரு மூலையைச் சூடாக்கினால் செம்பு அந்தச் சூட்டை மறு மூலைக்குக் கடத்திவிடும். அதனால் தீச்செங்கல்லை அடுக்கி ஒரு கூடு கட்டி, பாய்லரைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து, இரண்டு பெரிய கேஸ் பர்னரால் முழு ஃபயர்பாக்ஸையும் சேர்த்துச் சூடேற்றினோம். மற்ற பற்றுகள் இளகிவிடாமல் ஈரக் களிமண் அப்பினோம். அண்ணன் வெண்காரத்தைக் குழைத்துத் தடவிவிட்டுக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்காரம் முதலில் பொங்கி வெள்ளை நுரையாக எழுந்தது, அப்புறம் அடங்கிக் கண்ணாடி மாதிரி தெளிந்து பரவியது. செம்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் கம்பியை ஒரே தொடல்தான். பற்று ஒரு நொடியில் இடுக்குக்குள் ஓடி, மூலை முழுக்க வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. "இப்ப எடுங்க, போதும்" என்றார். அதற்கு மேல் ஒரு கணம்கூடச் சூடு காட்ட விடவில்லை. மறுபடி தண்ணீர் டெஸ்ட்: 120 பவுண்டில் முள் அசையாமல் நின்றது. நான் பார்த்த கைவேலையில் இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன்.

அடுத்து பயணம். காபி அறுவடை நடக்கும்போது தோட்டத்துக் களம் முழுக்கக் காபி காய்ந்துகொண்டிருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. அதனால் மார்ச் வரை காத்திருந்தோம். டெண்டரைக் கழற்றித் தனியாக ஏற்றினோம். பாய்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம். குட்டியானையின் தளத்தில் இரும்புச் சேனலில் இரண்டு தண்டவாளத் துண்டை வெல்டு வைத்து, அதன் மேல்தான் இன்ஜினை நிறுத்தினோம்.

இதே மாதிரி இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங் இருக்கிறது. பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கும். குழியில் வண்டி இறங்கும்போது இன்னும் அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆக்சில் பெட்டிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மரக்கட்டையை ஆப்பாக அடித்து, ஸ்பிரிங் வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டோம். பெல்ட்டை ஃபிரேமில் மட்டும் போட்டோம். பாய்லர் தகட்டின் மேலோ கனெக்டிங் ராடின் மேலோ ஒன்றுமே படவில்லை.

ஹஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் தம்பி ஒவ்வொன்றையும் முதல் கியரிலேயே எடுத்தார். வளைவு தாண்டியதும் ஓரம் கட்டச் சொல்லி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம். அசையவே இல்லை. தோட்டத்தில் செயின் பிளாக்கைச் சில்வர் ஓக் கிளையில் மாட்டாமல் முக்காலி நட்டு மாட்டி இறக்கினோம். சில்வர் ஓக் கிளை பார்க்கத் தடிமனாக இருந்தாலும் சட்டென்று முறியும்.

இனிமேல்தான் நிஜமான வேலை. புதுப் பாதை களத்தில் கிளம்பி, காபிச் செடிகளுக்கு நடுவே 45-க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறி, ஒரு சின்ன உச்சியைத் தாண்டி, மறுபக்கம் அதே சரிவில் இறங்கி வருகிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் கல்லாறுக்கு மேல் ஏறுவது 12.5-க்கு 1, அதனால்தான் அங்கே பல் தண்டவாளம். எங்கள் ஏற்றத்துக்குப் பல் வேண்டாம், ஆனால் ஒய்பி மலைக்காகப் பிறந்த இன்ஜின் இல்லை. நீளமானது, நேர்ப்பாதையில் வேகமாக ஓடக் கட்டியது.

முதலில் வளைவு. மிகக் குறுகிய வளைவின் ஆரம் 9 மீட்டர். கையால் தள்ளிப் பார்த்தபோது முன்னால் இருக்கும் நான்கு சின்னச் சக்கரத்தைத் தாங்கும் போகியின் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி சிலிண்டர் வடிகால் குழாயில் உரசியது. குழாயை உள்பக்கம் வளைத்துக் கட்டினோம். நடுப் பெரிய சக்கரம் வளைவில் இறுகியது; அந்த இடத்தில் மட்டும் தண்டவாள இடைவெளியை 3 மி.மீ. அகலமாக்கினோம். நிஜ ரயில்வேயிலும் கூர்மையான வளைவுகளில் இப்படி அகலப்படுத்துவது உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தண்ணீர் மட்டம். எங்கள் பாய்லர் முன்பின்னாகச் சுமார் 850 மி.மீ. நீளம். இன்ஜின் சாய்ந்தாலும் உள்ளே தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும்? 45-க்கு 1 சரிவில் முன்முனைக்கும் பின்முனைக்கும் 19 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடிக் குழாய் பின்முனையில் இருக்கிறது. ஏறும்போது தண்ணீர் பின்னால் வந்து, இருப்பதைவிட 9 மி.மீ. அதிகமாகக் காட்டும். உச்சியைத் தாண்டியதும் தண்ணீர் முன்னால் ஓடி அதே அளவு குறையும். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியே 45 மி.மீ.தான். ஏறும்போது "பாதிக் கண்ணாடி இருக்கே" என்று நம்பிக்கொண்டு போனால், இறங்கும்போது ஃபயர்பாக்ஸின் கூரை தண்ணீருக்கு வெளியே வந்துவிடக்கூடும். நெருப்புக்கு மேல் தண்ணீர் இல்லாத செம்பு என்றால் பாய்லரே போச்சு. அதனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பித்தளைப் பட்டையில் இரண்டு கோடு கீறினோம்: சமதளத்துக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று. ஏற்றக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் உச்சியைத் தாண்டக் கூடாது. நின்று பம்பு அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் குழுவில் யார் ஓட்டினாலும் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை மலை எங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. சேலத்து போர் தண்ணீர் கடினத் தண்ணீர். பாய்லருக்குள் வெள்ளையாகப் படியும். இங்கே மாமா வீட்டு ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் தொட்டி நிறைய இருக்கிறது. நீராவி இன்ஜினுக்கு அதைவிட நல்ல தண்ணீர் வேண்டாம்.

காற்று வேறு கதை. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நெருப்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். தோப்பில் போட்ட மாதிரி கனமாக நெருப்பு போட்டால் மங்கிப் புகைந்தது. மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நன்றாக எரிகிறது. பற்றவைக்க, கவாத்து செய்து காய்ந்த காபிக் குச்சி அருமை. பிடித்தால் நின்று எரியும். அதன் மேல் சீமைக்கருவேலக் கரி. நிலக்கரியில் சாம்பல் அதிகம், நெருப்புக்கு அடியில் இருக்கும் கம்பித் தட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது.

கரியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அது எடை குறைவு. புகைபோக்கியின் இழுப்பில் பொறி மேலே பறக்கும். மார்ச் மாதத்தில் காபிக்கு அடியில் சருகு முறுமுறுவென்று கிடக்கிறது. புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் ஸ்மோக்பாக்ஸுக்குள் எவர்சில்வர் வலை பொருத்தினோம். பாதையின் இரண்டு பக்கமும் சருகைக் கூட்டினோம், வாளியும் ஈரச் சாக்கும் வைத்து ஆள் நிறுத்தினோம். மாமா கேட்பதற்கு முன்பே செய்துவிட்டோம். அடுத்தவர் பிழைப்பு நடக்கும் தோட்டம் அது.

ஓட்டம் காலையில். பனிமூட்டம் இறங்கித் தண்டவாளம் ஈரமாக இருந்ததால் முதல் முயற்சியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வெயில் வரும்வரை நின்றோம், ஏறும் பகுதியைத் துணியால் துடைத்தோம். அப்புறம் சேஃப்டி வால்வு 80-இல் சீறத் தொடங்கிய சமயம் பார்த்து, இரண்டு பெட்டியில் நான்கு பேரோடு கிளம்பியது. கடைசிப் பெட்டியில் பிரேக் பிடிக்க ஆள். ஏற்றத்தின் பாதியில் ஒவ்வொரு புகை அடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுந்தது, அழுத்தம் 70-க்குக் கீழே போகவில்லை. உச்சியில் கண்ணாடியைப் பார்த்தேன்; தண்ணீர் ஏற்றக் கோட்டுக்கு மேலேயே இருந்தது. தாண்டினோம். மட்டம் கண்ணெதிரே இறங்கி, கணக்குப் போட்ட இடத்திலேயே நின்றது. மாமா முன்பெட்டியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்; களத்துக்கு வந்ததும் "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார்.

இன்னும் பாக்கி இருப்பவை: இடதுபக்கம் இரண்டாவது கண்ணாடிக் குழாய், பெரிய சக்கரத்துக்கு முன்னால் மணல் விடும் குழாய், முன்பெட்டிக்கும் பிரேக். உச்சியில் தண்ணீர்த் தொட்டி வைக்க மாமா இடம் காட்டியிருக்கிறார். அடுத்த ஓட்டம் காபியைப் பூக்க வைக்கும் பூ மழை விழுந்து சருகு நனைந்த பிறகுதான்.