துண்டுக்குள் போன புள்ளி

சிங்கப்பூரின் ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறேன். சட்டை, தொப்பி எல்லாம் கை பழகிவிட்டது. டவல் மட்டும் இன்னமும் என்னை ஏமாற்றும்.

தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கென்று ஒரு வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. வெள்ளை டவலில் கருநீல நூலில் 'தாத்தா', 'பாட்டி', 'அப்பா', 'அம்மா'. எழுத்துகளை மெஷின் தைக்கும் கோப்பாக மாற்றும் டிஜிடைஸ் வேலையையும் நானே செய்தேன். மெஷினிலிருந்து இறக்கியபோது அச்சடித்த மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து அண்ணிக்குக்கூட அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா பையோடு வந்தார். ஒரே தடவைதான் துவைத்தாராம். "இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா" என்றார். 'தாததா', 'அபபா'. ஸ்கூலில் இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகும் பேரன் கண்டுபிடித்திருக்கிறான். துண்டின்மேல் நிற்கும் நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, நகத்தால் விலக்கினால், அடியில் புள்ளி பத்திரமாக இருக்கிறது.

டவல்மேல் டாப்பிங் போட்டுத்தான் தைப்போம். பார்க்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் போல இருக்கும், தண்ணீரில் கரைந்துவிடும். தைக்கும்வரை கண்ணிகளை அமுக்கி வைப்பது அதன் வேலை. (சிங்கப்பூர்க் காற்றில் அதைத் திறந்து வைத்தால் நமுத்த அப்பளம்தான். ஜிப் பையில் போட்டு மூடுவோம்.) அது கரைந்தபின் கண்ணிகள் நிமிரும், தையல்தான் தாங்க வேண்டும். எழுத்தின் உடம்பு அகலம், தாங்கிவிட்டது. புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆங்கிலச் சின்ன 'ஐ'யின் தலைப்புள்ளி காணாமல் போனாலும் பெயரைப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. இது தெரியாதவளா நான்? திரையில் பெரிதாக்கிப் பார்த்தே பழகியதில் நிஜ அளவு கண்ணில் படவில்லை.

புது டவல்களுக்கு, சொல் உட்காரும் இடம் முழுக்க வெள்ளை நூலிலேயே அடர்த்தி குறைந்த தையலை முதலில் ஓடவிட்டுக் கண்ணிகளைப் படுக்கவைத்தேன். அதன்மேல் டாப்பிங், பிறகு எழுத்து. புள்ளியை மூன்று மில்லிமீட்டராக்கி, அதற்கும் அண்டர்லே, அதாவது அடித்தையல், கொடுத்தேன். வேகத்தை நிமிடத்துக்கு 650 தையலுக்கு இறக்கினேன்.

ஜாக்கெட் தைக்கும் மெத்தென்ற கம்பளித் துணி போன்ற ஃபிளீஸின் தொல்லை வேறு மாதிரி. இந்த வெயிலில் யார் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆபீஸ் ஏர்கானில் உட்கார்ந்து பாருங்கள். அது இழுபடும் துணி. துணியைத் தாங்க அடியில் வைக்கும் தாளை பேக்கிங் என்போம். கிழித்தெடுக்கும் ரகத்தை வைத்தால் நாலு துவைப்பில் லோகோ சுருங்கும். வெட்டியெடுக்கும் ரகம்தான் சரி. துணியைப் பிடிக்கும் வளையமான ஹூப்பில் இறுக்கினால் வட்டத் தழும்பு விழும். அதனால் பேக்கிங்கை மட்டும் இறுக்கி, பசை ஸ்பிரே அடித்து, ஜாக்கெட்டை மேலே ஒட்டிவிடுவோம். புதிதாக வந்த தம்பி தழும்பைப் போக்குகிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்துவிட்டான். பாலியெஸ்டர் அல்லவா, உருகிப் பளபளவென்று ஆகிவிட்டது. ஆவி காட்டினாலே போதும்.

நாலு டவலையும் பேன்ட்ரி சிங்க்கில் முக்கிப் பிழிந்து உலர்த்தினேன். காய்ந்ததும் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

"தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா... என்னக்கா, ஒண்ணாங்கிளாஸா?"