ஆணுறை கிழிந்தால் மருந்துக்கடை கடையாக ஏறாதீங்க

அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் திருப்பூர் மருந்துக்கடைகளை நம்பி அலைந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வேண்டியது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் நாளே போட்டால் பலன் கூடுதல். சட்டப்படி இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனால் அவினாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் நம்ம கடையில வெக்கறதில்லீங்க." சீட்டு கேட்ட கடைக்குச் சீட்டோடு திரும்பப் போனால், "ஸ்டாக் இல்லீங்க."

அதைவிட ஆபத்து, வேறு எதையாவது எடுத்து நீட்டுவது. "இதப் போட்டா பீரியட்ஸ் வந்துருமுங்க" என்று ஒரு கடையில் தந்தது நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். மாதவிலக்கைத் தள்ளிப்போடத் தருகிற மாத்திரை அது, இதற்கு உதவாது. கருக்கலைப்பு மாத்திரைக் கிட்டை எடுத்துத் தந்தால் வாங்கவே வாங்காதீங்க. கர்ப்பம் உறுதியான பிறகு மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது அது.

கடைகளை விட்டுவிட்டு நேராக அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. இருப்பு இருந்தால் இலவசம். சீட்டு எழுதும் இடத்தில் வரிசையே கேட்கும்படி "கல்யாணம் ஆயிருச்சாம்மிணி?" என்றார்கள். அங்கே விளக்கம் சொல்லத் தேவையில்லை. "லேடி டாக்டரப் பாக்கோணுங்க" என்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இருக்காது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அங்கும் மாத்திரை இல்லை. ஆனால் பணியில் இருந்த மருத்துவர் வழி சொன்னார்: மாலா-என். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பார்க்கக்கூடிய தினசரி கருத்தடை மாத்திரைதான். அதில் வெள்ளை மாத்திரை 4 உடனே, சரியாக 12 மணி நேரம் கழித்து இன்னும் 4. பழுப்பு நிற மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து, அவை கணக்கில் சேராது. ஒற்றை மாத்திரையைவிடப் பலன் குறைவு, குமட்டலும் அதிகம். வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க. போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பப் போட வேண்டும். ரத்தக்கட்டி, பக்கவாதம், கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்க.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமசெபின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாத்திரைகளின் வேகம் குறைந்துவிடும். அவர்களுக்கும் 72 மணி நேரம் தாண்டியவர்களுக்கும் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டிதான் வழி. 5 நாளுக்குள் பொருத்தினால் மாத்திரையைவிட உறுதி. 380ஏ வகை 10 ஆண்டு இருக்கும்.

மாத்திரையும் காப்பர்-டியும் தொற்றைத் தடுக்காது, இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. உறவு கொண்டவருக்கு எச்ஐவி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தை அன்றைக்கே கேளுங்க. அதற்கும் 72 மணி நேரம்தான் கெடு. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097, கட்டணமில்லாத எச்ஐவி உதவி எண்.

மாத்திரை போட்ட பிறகு மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால், உறவு நடந்து 3 வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்க.