முக்காலா, மூன்றும் நான்குமா?

அம்மாவுக்கு வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். இதயம் தாளம் தவறித் துடிக்கும் வருத்தம் அவருக்கு. அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தில் விழுத்திவிடாதிருக்க வோபரின் குளிசையைத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கையில் தந்தவை ஒரு டயக்னோசிஸ் கார்ட், ஒரு கிளினிக் கொப்பி, குளிசை போட்ட இரண்டு காகித உறைகள். மாங்குளத்தில் மல்லாவி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்தேனே தவிர வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

இரவு சாப்பாடு முடிந்து உறைகளைப் பிரித்தோம். ஒன்றில் நீலக் குளிசைகள், மற்றதில் மண்ணிறக் குளிசைகள். நீல உறையில் 3/4 என்று பேனையால் எழுதி, 'இரவு' என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் இட்டிருந்தார்கள். மண்ணிற உறையில் மருந்தின் பெயரையும் ஏதோ கிறுக்கலையும் தவிர வேறொன்றும் இல்லை. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள். 3/4 என்றால் முக்கால் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

"முக்கால் குளிசையை எப்பிடிப் பிள்ளை உடைக்கிறது?" என்று அம்மா கேட்டார். அப்பா எழுந்து போய் அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து வந்தார். குளிசையை முதலில் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் திரும்ப வெட்டி, கால் பங்கை ஒரு சிமிழுக்குள் ஒதுக்கினார். மூன்று இரவு சேர்ந்தால் அந்தக் கால்கள் நாலாம் இரவுக்கு முக்கால் ஆகும் என்று கணக்கும் சொன்னார். மண்ணிறக் குளிசை நோ வந்தால் போடுவதற்காக்கும் என்று நாங்களாகவே தீர்மானித்து அலுமாரியில் வைத்தோம். இப்படிப் பன்னிரண்டு இரவுகள் போயின.

கிளினிக் நாளில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஐ.என்.ஆர். 1.3 என்று வந்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. இந்த மருந்தைப் போடாத ஒருவருக்கு ஏறத்தாழ 1 ஆக இருக்கும். அம்மாவின் வருத்தத்துக்கு 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும். அதாவது பன்னிரண்டு நாளும் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பியிருந்தது பாதுகாப்பே அல்ல. மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லையா என்று டொக்டர் சற்றுக் கடுமையாகவே கேட்டார். நான் பதில் சொல்லாமல் இரண்டு உறைகளையும் மேசையில் வைத்து, பாக்குவெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

விளக்கம் தந்தவர் மருந்தாளர் ஐயா. 3/4 என்றால் ஒரு நாள் 3 மில்லிகிராம், மறுநாள் 4 மில்லிகிராம். நீலம் ஒன்று 3 மில்லிகிராம், மண்ணிறம் ஒன்று 1 மில்லிகிராம். ஆகவே ஓர் இரவு நீலம் மட்டும், மறு இரவு நீலமும் மண்ணிறமும். இரண்டு நாளில் 7 மில்லிகிராம் போயிருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் நாலரைதான் கொடுத்திருக்கிறோம். 'ஒன்றுவிட்ட நாள்' என்பதற்குரிய ஆங்கிலச் சுருக்கம் மண்ணிற உறையில் இருந்தது; நான் கிறுக்கல் என்று தள்ளியது அதைத்தான்.

கார்டில் உள்ளதைத் தமிழில் எழுதித் தர முடியாதா என்று தாதியிடம் கேட்டேன். "அது நீங்கள் வாசிக்கிறதுக்கில்லை, வேற டொக்டர் பாக்கிறதுக்கு" என்றார். கோபமாக அல்ல, உள்ளதைச் சொல்வதுபோலச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். டயக்னோசிஸ் கார்ட் ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்கு எழுதும் கடிதம். நோயாளி அதைக் காவிச் செல்லும் தபால்காரர். என் குறை அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது பற்றியது அல்ல, நோயாளிக்கென்று ஒரு கடிதமே எழுதப்படாதது பற்றியது. 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. பெயர்ப்பலகையிலும் படிவத்தின் தலைப்பிலும் அது தெரிகிறது. இரவு எட்டு மணிக்கு எதைக் கொடுப்பது என்ற இடத்தில்தான் தெரியவில்லை.

தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்று இல்லாமலும் இல்லை. கேட்டபின் எடுத்துத் தந்தார்கள். பிரதியின் பிரதியாக எடுத்து எடுத்து மங்கிப்போன அத்தாளில், 'குருதியுறைதல் எதிர்ப்பு மருந்து பெறும் நோயாளிகளுக்கான அறிவுறுத்தல்கள்' என்று தலைப்பு இருந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இது தனக்குரியதா என்று கேட்டார். தவிர்க்க வேண்டிய உணவுகளில் ப்ரோக்கோலியும் கேல் என்ற கீரையும் இருந்தன. எங்கள் வளவில் நிற்கும் முருங்கையும் வேலியோரத்து வல்லாரையும் இல்லை. சந்தேகம் இருந்தால் கீழ்க்காணும் இலக்கத்துடன் தொடர்புகொள்ளவும் என்று சொன்ன வரியோடு தாள் முடிந்திருந்தது; இலக்கம் பிரதியெடுக்கையில் வெட்டுப்பட்டுவிட்டது.

லண்டனில் இருக்கும் சித்தியின் மகளிடம் இதைச் சொன்னபோது, அங்கே இம்மருந்து போடுபவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் நிறக் கையேட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு என்று அதில் நிறத்தோடு இருந்தது. எங்கள் உறைகளில் இருந்தவையும் அதே நிறங்கள். அவள் சொன்ன இன்னொரு செய்தி மனதில் நின்றது. மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுப்பிரசுரத்தைச் சாதாரண ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்துக் கேள்வி கேட்டுச் சோதிப்பது அங்கு 2005 முதல் கட்டாயமாம். ஒவ்வொரு கேள்விக்கும் 20 பேரில் 16 பேராவது விடையைத் தாளில் கண்டுபிடித்துச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டுமாம். பரீட்சை எழுதுவது வாசிப்பவர் அல்ல, தாள்.

நானும் ஒரு தாள் எழுதினேன். ஒற்றை நாள் 3, இரட்டை நாள் 4 என்றுதான் முதலில் எழுதினேன். 31 ஆம் திகதிக்கு அடுத்து 1 ஆம் திகதி, இரண்டும் ஒற்றை என்பது பிறகுதான் உறைத்தது. ஆகவே நாட்காட்டித் தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறப்பென்சிலால் குளிசைகளையே வட்டமாகக் கீறினேன். எழுதியதை மருந்தாளர் ஐயாவிடம் காட்டியபோது, 'கீரை சாப்பிடக் கூடாது' என்ற வரியை அவர் வெட்டினார். வழமையாகச் சாப்பிடும் அளவு வாரத்துக்கு வாரம் கூடிக் குறையாமல் இருந்தால் போதும், அந்த அளவுக்கு ஏற்பத்தான் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள் என்றார். கடையில் நோக்குளிசை வாங்கிப் போடக் கூடாது என்பதையும், மலம் கறுத்துப் போனாலோ முரசில் இரத்தம் கசிந்தாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் வர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னார். பாம்பு கடித்தால் இந்த மருந்து போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்காமலே சொன்னார். கடிபட்டு வருபவரின் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்துத்தான் விஷம் ஏறியிருக்கிறதா என்று தீர்மானிப்பார்கள். அம்மாவின் இரத்தமோ மருந்தாலேயே மெதுவாக உறைவது. வன்னியில் எழுதப்படும் எந்தத் தாளிலும் இந்த வரி இருக்க வேண்டும், லண்டன் கையேட்டில் அதற்குத் தேவையில்லை.

தாளை வீட்டிலேயே சோதித்தேன். பக்கத்து வீட்டு அக்கா சரியாகச் சொன்னார், ஆறாம் வகுப்புப் படிக்கும் அவரது மகனும் சொன்னான். அப்பா தோற்றார், கண்ணில் புரை வளர்வதால் லைற் வெளிச்சத்தில் அவருக்கு நீலமும் மண்ணிறமும் ஒன்றாகத் தெரிந்தன. நீலத்தைப் பெரிய ஹோர்லிக்ஸ் போத்தலிலும் மண்ணிறத்தைச் சின்னச் சிமிழிலும் போட்டு, தாளில் 'போத்தல்', 'சிமிழ்' என்று எழுதிய பின் அவரும் தேறினார்.

அடுத்த கிளினிக்கில் ஐ.என்.ஆர். 2.6 வந்தது, அதற்கடுத்ததில் 3.2. டொக்டர் அளவைக் குறைத்தார். இம்முறை அவரே உறையில் 'நீலம் 1, ஒவ்வோர் இரவும்' என்று கோணல் எழுத்தில் தமிழில் எழுதினார். நான் நிறம் தீட்டிய நாட்காட்டி பயனற்றுப் போனது. மிஞ்சிய மண்ணிறக் குளிசைகள் இன்னும் சிமிழுக்குள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று எந்தத் துண்டிலும் இல்லை. அடுத்த முறை கேட்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் குறித்து வைத்திருக்கிறேன்.